சாமி காவும் யாகுசா

சிவப்பு விளக்கு விழுந்ததும் ஏரம்பமூர்த்தி பஸ்ஸை அலுங்காமல் நிறுத்தினார். தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்து இடது புருவத்தை மட்டும் உயர்த்த முயன்றார். இரண்டு புருவங்களும் சேர்ந்தே உயர்ந்தன. மறுபடியும் முயன்றார், இந்த முறை மூக்கும் சேர்ந்து சுருங்கியது. மூன்றாவது இருக்கையில் இருந்த வெள்ளைக்கார மூதாட்டி கண்ணாடி வழியே அந்த முகத்தைக் கண்டு, தான் பயண அட்டையைத் தட்டாமல் ஏறிவிட்டோமோ என்று பயந்து, எழுந்து வந்து இன்னொரு தடவை தட்டிவிட்டுப் போனார். "சொறி, சொறி" என்று ஏரம்பமூர்த்தி பதறிப்போனார். ஓக்லாந்து நகரத்தையே நடுங்கவைக்கப்போகும் ஜப்பானியக் குற்றக் கும்பலின் தலைவர் அன்று காலையில் கேட்ட ஆறாவது மன்னிப்பு அது.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பாபடோயிட்டோயிலிருந்து விமான நிலையத்துக்குப் போய்வரும் பஸ்ஸைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறார். இறங்குகிறவர்கள் எல்லாரும் இந்த ஊர் வழக்கப்படி டிரைவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வார். நாற்பது பேர் இறங்கினால் நாற்பது பதில். பஸ் இரண்டு நிமிடம் பிந்தும். அதற்கும் அடுத்த தரிப்பில் ஏறுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பார்.

தமிழ்ச் சங்கத்தின் எந்த விழாவின் புகைப்பட அல்பத்தைப் புரட்டினாலும் அவரைக் காண முடியாது, ஏனென்றால் படம் எடுத்தவர் அவர்தான். மண்டபம் திறக்கும் முன்னே சனம் உட்காரக் கதிரை அடுக்குகிறவர், எல்லாரும் போன பிறகு கதிரை மடிக்கிறவர், பொன்னாடையைப் பொலித்தீன் பையிலிருந்து உருவி மேடைக்கு நீட்டுகிறவர் எல்லாம் அவரே. அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் பையிலிருந்து அதை உருவித் தர ஆள் இருந்திருக்காது.

வருடத்தில் ஒரே ஒரு நாள் அவர் கண்ணுக்குத் தெரிவார். தைப்பூசத்தன்று கோயிலில் சாமியைத் தோளில் காவும்போது, வாகனத்தைத் தாங்கும் முன்தண்டில், வலப்பக்கம். ஆறடி உயரம் என்பதால் ஒன்பது வருடங்களுக்கு முன் அந்த இடம் கிடைத்தது. அதன் பிறகு அவர் அதை விடவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் சனம் முழுவதும் அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடும். கும்பிடுவது முருகனைத்தான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தாலும், அந்த ஒரு மணித்தியாலத்துக்காக மிச்ச வருடத்தின் கதிரைகளையெல்லாம் அவர் சந்தோஷமாக அடுக்கினார்.

இந்த நல்ல மனிதரைக் கெடுத்தவன் பிரணவன். வயது முப்பத்துநான்கு. மாசி என்ற புறநகரில் வீட்டிலிருந்தபடியே கணினி வேலை. கராத்தேயில் கறுப்புப் பட்டி. அவனே கதை எழுதி, அவனே இயக்கி, அவனே நாயகனாகவும் நடிக்கும் படத்தில், ஜப்பானிலிருந்து யாகுசாக் கும்பலொன்று பாபடோயிட்டோயில் டெய்ரி என்று சொல்லப்படும் மூலைக் கடைகளைக் கைப்பற்ற வருகிறது. ஒரு தமிழ் இளைஞன் தனியாளாக நின்று அவர்களை உதைத்து விரட்டுகிறான். உலகத்தில் எத்தனையோ நாடு இருக்க ஏன் ஜப்பான் என்று ஏரம்பமூர்த்தி கேட்டார்.

"அங்கிள், தமிழரை வில்லனாப் போட்டால் எந்த ஊர் ஆள் எண்டு கேப்பினம். இந்தியரைப் போட்டால் கடையளிலை போஸ்டர் ஒட்ட விடாயினம். மாவோரி, சமோவன் எண்டால் அது பிழை, அதோடை எங்கடை பக்கத்து வீடும் அவையள்தான். ஜப்பான்காரர் நல்ல மரியாதையான சனம். ஒருநாளும் கொம்ப்ளெயின்ற் பண்ணமாட்டினம்."

மரியாதையான சனம் என்பதற்காகவே ஒரு சனத்தைக் கொள்ளைக்காரராக்கும் இந்த நியாயத்தை ஏரம்பமூர்த்தி சற்று நேரம் யோசித்தார். பிறகு, எத்தனை கதிரை தேவைப்படும் என்று கேட்டார். பிரணவன் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"கதிரை நீங்கள் அடுக்க வேண்டாம். ஒண்டிலை நீங்கள் இருங்கோ. நீங்கள்தான் தலைவர்."

ஜப்பானியரைத் தேடவில்லை என்று சொல்ல முடியாது. பிரணவன் ஒரு சுஷிக் கடைக்குப் போய்க் கேட்டான். கடைக்காரர் கொரியர். தான் ஜப்பானைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி, அவனுக்கு ஒரு சூப் கொடுத்து வாழ்த்தி அனுப்பினார். தேடல் அத்தோடு முடிந்தது. தமிழ் இளைஞர்களோ எல்லாரும் நாயகனின் நண்பர்களாகத்தான் வருவோம் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். எஞ்சியவர்கள் கோயிலில் சாமி காவுகிறவர்கள். தோளில் பலம் உண்டு, ஞாயிற்றுக்கிழமையில் வேலை இல்லை. தலைவரும் அடியாட்களுமாகப் பன்னிரண்டு யாகுசாக்களில் பதினொருவர் யாழ்ப்பாணத்தார், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பன்னிரண்டாமவர் நிலேஷ், பீஜிக்காரர், ஏரம்பமூர்த்தியோடு பஸ் ஓட்டுகிறவர். பாட்டனுக்குப் பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து கரும்பு வெட்டப் போனவர் என்றாலும் நிலேஷுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. தமிழ் வாயில் வராவிட்டாலும் முருகன் தோளில் வருவார் என்று எட்டு வருடமாக அவரும் பின்தண்டில் நிற்கிறார்.

ஒத்திகை மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வெறும் களஞ்சியத்தில் நடந்தது. திரைச்சீலை தொங்கவிடும் அலுமினியக் குழாய்கள் வாளாகின. மனைவி ரதிதேவியின் குளிர்கால கவுன் ஏரம்பமூர்த்திக்குக் கிமோனோ ஆனது. அதன் பையில் ரதிதேவியின் இருமல் மிட்டாய் இரண்டு இருந்தன. தவறு செய்த அடியாள் சுண்டுவிரலை வெட்டித் தலைவரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சிக்கு வெண்டிக்காயும் தக்காளிச் சோஸும் வாங்கினார்கள். மிச்ச வெண்டிக்காயை ரதிதேவி குழம்பு வைத்து மறுநாள் எல்லாருக்கும் கொண்டுவந்தார்.

வசனம்தான் சிக்கல். "வாய்க்கு வந்ததைக் கோவமாச் சொல்லுங்கோ அங்கிள், பிறகு டப் பண்ணுவம்" என்றான் பிரணவன். ஏரம்பமூர்த்திக்குக் கோபமாகச் சொல்ல வாய்க்கு எதுவும் வரவில்லை. கடைசியில் பதினாறு வருடமாக மனப்பாடமான தரிப்புகளின் பெயர்களை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். "ஒட்டாஹுஹு! மாங்கரே! ஒனேஹுங்கா!" அடியாட்கள் நடுங்கிப்போனார்கள். அசல் ஜப்பான் என்று பிரணவன் கைதட்டினான். நிலேஷ் மட்டும் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார்.

தலைவர் மேசையில் அறைய, பதினொரு பேரும் இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும். முதல் தடவை அவர்கள் குனிந்ததும் ஏரம்பமூர்த்தியும் எழுந்து பதிலுக்குக் குனிந்துவிட்டார். இரண்டாம் தடவை குனியவில்லை, ஆனால் "இருங்கோ, இருங்கோ" என்றார். நாலாம் தடவை அசையாமல் இருந்தார். பதினொரு வழுக்கைத் தலைகள் அவருக்கு முன்னால் வரிசையாகத் தாழ்ந்து கிடந்தன. அவர் அவசரப்படவில்லை. "கட்" என்று பிரணவன் கத்தி முடித்த பிறகும் இன்னும் சில விநாடிகள் அவர்களை அப்படியே வைத்திருந்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"இண்டைக்குப் பதினொரு பேர் எனக்குக் குனிஞ்சவை" என்று இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னார்.

"ஏன், கதிரை தூக்கவோ?" என்றார் ரதிதேவி.

கெட்டுப்போவது என்று முடிவெடுத்தவர் அரைகுறையாகக் கெட்டுப்போகவில்லை. யாகுசா என்றால் முதுகு நிறையப் பச்சை குத்தியிருக்க வேண்டும். வாங்கிய ஒட்டுப்படங்கள் தகரக் கூரையின் வெக்கையில் வியர்வையோடு வழிந்து இடுப்பில் திரண்டன. மெகந்தி போடலாம் என்று பிரணவன் கல்யாணங்களுக்குக் கைவேலை செய்யும் ராஜ்குமாரியை அழைத்துவந்தான். அவரும் பீஜிக்காரர். இருபது வருடமாக மணப்பெண்களின் கைகளைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அடியாட்களுக்கு முழங்கைக்கு மேலே ஆளுக்கொரு சின்னப் பாம்பு. தலைவருக்கு மட்டும் முதுகு முழுவதும் டிராகன். கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்து ராஜ்குமாரி ஐந்து மணித்தியாலம் வரைந்தார். பல்லும் நெருப்பும் டிராகனுடையவைதான். கழுத்துக்குக் கீழே கை பழக்கதோஷத்தில் போய்விட்டது. உடம்பு கொடியாகி, வால் தோகையாகி, இடைவெளியில் எல்லாம் மாங்காய் காய்த்தது. "டோண்ட் மூவ், அங்கிள்" என்று அவர் சொன்னபோதெல்லாம் ஏரம்பமூர்த்தி குப்புறக் கிடந்தபடியே "சொறி" என்றார். வேலை முடிந்ததும் ராஜ்குமாரி பெருமையோடு சொன்னார்: "டூ வீக்ஸ் கேரண்டி."

இரண்டு வாரம் போகாது என்று கேட்டுப் பன்னிரண்டு பேரும் மகிழ்ந்தார்கள். அடுத்த சனிக்கிழமை தைப்பூசம் என்பதோ, தைப்பூசத்தில் சாமி காவுகிறவர்கள் மேல்சட்டை இல்லாமல்தான் காவ வேண்டும் என்பதோ, பன்னிரண்டு சாமிகாவிகளில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, அது இரண்டு வாரம் இறங்காது என்று கைதட்டியவர்கள் இவர்கள்தான்.

நீண்ட வார இறுதியில் படப்பிடிப்பு. உச்சக்கட்டத்தில் நாயகன் பறந்து வந்து தலைவரின் முகத்தில் உதைக்க வேண்டும். நாயகனின் கால் தலைவரின் இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. ஆகவே தலைவர் மெல்ல மண்டியிட்டு, முகத்தை ஏற்ற உயரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏழு தடவை உதை வாங்கினார். ஒவ்வொரு தடவையும் செத்து முடிந்ததும் கண்ணைத் திறந்து, "காலிலை நொந்ததோ தம்பி?" என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை மாலை குளியலறையில்தான் உண்மை விளங்கியது. ரதிதேவி முதலில் சவர்க்காரம் போட்டார், பிறகு தேசிக்காய், பிறகு தேங்காய்த் தும்பு. டிராகன் இன்னும் சிவந்து பளபளத்தது.

"உந்த வயதிலை உங்களுக்கு இது தேவையே? சனிக்கிழமை எந்த முகத்தோடை தண்டு பிடிக்கப் போறியள்?"

"முகத்திலை ஒண்டும் இல்லை ரதி, முதுகிலைதான்."

மகள் நிலானி கதவு இடுக்கால் எட்டிப் பார்த்து, "அப்பா, தட்ஸ் ஆக்சுவலி ஸோ கூல்" என்றாள். பல்கலைக்கழகம் போகும் பிள்ளை தகப்பனைப் பார்த்துக் கூல் என்று சொன்னது பத்து வருடத்தில் அதுவே முதல் தடவை. தேய்த்தது போதும் என்று ஏரம்பமூர்த்தி எழும்பிவிட்டார்.

செய்தி கோயில் தலைவர் ஜனார்த்தனின் காதுக்குப் போக ஒரு நாள் போதுமாயிருந்தது. ஜனார்த்தன் பல் வைத்தியர். பிறர் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தான் பேசிப் பழகியவர். கோயில் மைக்கும் அவர் கையில்தான் இருக்கும். 'ஆண்கள் மேற்சட்டையைக் களைந்து வழிபடவும்' என்ற அறிவித்தலை வாசலில் ஒட்டியவரும் அவர்தான். போன வருடம் நகரசபை உறுப்பினர் ஒருவரின் கோட்டையும் சட்டையையும் அந்த அறிவித்தலைக் காட்டிக் கழற்றவைத்தார். அதனால் இந்த வருடம் யாருக்கும் சட்டை போட அனுமதி கொடுக்க அவராலும் முடியவில்லை. அடியாட்களின் பாம்புகளைச் சந்தனத்தால் பூசி மறைத்துவிடலாம் என்று தீர்ப்பாயிற்று. டிராகனை மறைக்கக் கோயிலில் அவ்வளவு சந்தனம் இல்லை. சனிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்வதாக ஏரம்பமூர்த்தியிடம் சொன்னார். அந்த நான்கு நாளும் ஏரம்பமூர்த்தி ஒழுங்காக உறங்கவில்லை. பஸ்ஸை ஒரு தரிப்பில் நிறுத்த மறந்தும் போனார்.

சனிக்கிழமை காலை கோயிலில் நல்ல சனம். வாகனத்தில் முருகனை ஏற்றி, மாலை சாத்தி, தண்டுகள் கட்டியாயிற்று. ஏரம்பமூர்த்தி வேட்டியும் சட்டையுமாக வாசல் தூணோரம் நின்றார். ஜனார்த்தன் மைக்கோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, ஒரு வழி கண்டுபிடிச்சிட்டன். சட்டையைக் கழட்டிப்போட்டுத் தண்டிலை நில்லுங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

ஏரம்பமூர்த்தி சட்டையை ரதிதேவியிடம் கொடுத்துவிட்டு முன்தண்டுக்குப் போனார். சனம் சலசலத்தது. உடனே ஒலிபெருக்கி முழங்கியது. "மெய்யடியார்களே! எமது அன்பர் ஏரம்பமூர்த்தி அவர்கள், ஒரு நேர்த்திக்கடன் நிமித்தம், எம்பெருமானின் வாகனமாகிய மயிலைத் தமது திருமுதுகில் தாங்கி நிற்கிறார்." அரோகரா என்று கூரை அதிர்ந்தது. யாரும் பல்லையும் நெருப்பையும் பார்க்கவில்லை. தோகையைப் பார்த்தார்கள், போதுமாயிருந்தது. ஒரு அம்மா அவருடைய முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே உருவானது. கைப்பேசிகள் உயர்ந்தன. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் படம் எடுக்கப்பட்டவர் முருகன் அல்ல, ஏரம்பமூர்த்தி.

அவருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு கூசியது. முருகனுக்கு இரண்டடி முன்னால் நின்று முருகனுடைய பெயரிலேயே பொய். அதைவிட இன்னொன்றும் உறுத்தியது. ஐந்து மணித்தியாலம் குப்புறக் கிடந்து, ஏழு தடவை முகத்தில் உதை வாங்கி, வாழ்க்கையில் ஒருமுறை கெட்டவனாகியிருந்தார். அதை ஒரே அறிவித்தலில் பிடுங்கிக்கொண்டு அவரை மறுபடியும் நல்லவராக்கிவிட்டார்கள். இந்த இரண்டில் எது அவரை வாய் திறக்கவைத்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"தம்பி ஜனார்த்தன், உது மயிலில்லை. டிராகன்."

மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுவதற்கும் கேட்டது. முதுகைத் தொட நீண்டிருந்த ஒரு கை அந்தரத்தில் நின்றது.

"எனக்கு ஒரு நேர்த்தியும் இல்லை. பிரணவன்ரை படத்திலை நான் யாகுசாத் தலைவன். அதுக்குத்தான் போட்டது."

ஜனார்த்தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். "அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ. முன்தண்டிலை நிண்டால் சாமி வீதி முழுக்க உங்கடை முதுகைத்தான் பாத்துக்கொண்டு வருவார். மயில் எண்டால் தண்டு உங்களுக்கு. டிராகன் எண்டால் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியிலை நில்லுங்கோ. எது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

ஏரம்பமூர்த்தி தண்டைப் பார்த்தார். அவருடைய தோள் படும் இடத்தில் மரம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார்; கோயிலில் ஒருமுறை விட்ட இடம் திரும்பிக் கிடைப்பதில்லை. அந்த இடத்தை ஒருமுறை உள்ளங்கையால் தடவினார்.

"டிராகன்தான் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தண்டிலிருந்து விலகி, சட்டையை வாங்க ரதிதேவியை நோக்கி நடந்தார்.

நடந்ததில் ஒரு சொல்லும் விளங்காத நிலேஷ் பின்தண்டில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தலைவர் எழும்பினால் எழும்ப வேண்டும், தலைவர் போனால் பின்னால் போக வேண்டும். ஆறு வாரம் அதைத்தான் ஒத்திகை பார்த்தார்கள். அவர் தண்டை விட்டுவிட்டுத் தலைவருக்குப் பின்னால் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்தவர் அவரைப் பார்த்தார். பிறகு தன் கையில் காய்ந்துகொண்டிருந்த சந்தனத்தைச் சால்வையால் துடைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, முழங்கால் வலிக்காரர் நொண்டிக்கொண்டு கடைசியாக, பதினொரு பேரும் பதினொரு பாம்புகளோடு ஏரம்பமூர்த்திக்குப் பின்னால் வந்து நின்றார்கள். வாகனத்தில் முருகன் தனியே இருந்தார்.

ஜனார்த்தன் இளைஞர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் தங்கள் கைப்பேசிகளின் பக்கம் திரும்பினார்கள். ஐயர் தீபத்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஜனார்த்தன், நல்ல நேரம் போகுது. முருகன் சூரனையே பாத்தவர், உந்த டிராகனைப் பாத்தோ பயப்பிடப் போறார்? தூக்கச் சொல்லுங்கோ."

ஜனார்த்தன் மைக்கை அதன் தாங்கியில் மாட்டினார். நீட்டிய சட்டையைத் திருப்பி எடுத்து ரதிதேவி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போங்கோ, சாமி காத்துக்கொண்டு நிக்குது" என்றார்.

ஏரம்பமூர்த்தி முன்தண்டுக்குப் போனார். பதினொரு பேரும் அவரவர் இடத்தில் நின்று அவரையே பார்த்தார்கள். அவர் அவசரப்படாமல் வேட்டியை இறுக்கிக் கட்டினார். குனிந்து தண்டின் கீழே தோளைக் கொடுத்தார். நிமிர்வதற்கு முன் தோள்பட்டைகள் இரண்டையும் வேண்டுமென்றே ஒருமுறை பின்னுக்கு அசைத்து விரித்தார். டிராகன் முருகனைப் பார்த்து வாயைத் திறந்தது.